உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிடம்



ஊருக்குக் கிளம்பும்போதும் போனை வைக்கும்போதும் நாம் எல்லோரும் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "உடம்பப் பாத்துக்கங்க." எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்கிறவர் சொல்வதில்லை, கேட்கிறவரும் கேட்பதில்லை. "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். இன்றைக்கு அந்த "எப்படி"யைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருக்கிறவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

33 வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் வாரத்துக்கு இரண்டு மூன்று டீச்சர்களாவது போன் செய்வார்கள். முன்பெல்லாம் இன்க்ரிமென்ட், கவுன்சலிங், எந்தப் பள்ளிக்கு டிரான்ஸ்ஃபர் கேட்கலாம் என்று பேச்சு போகும். இப்போது வருகிற கேள்வி வேறு. "எத்தனை வருஷம் சர்வீஸ் இருந்தா வி.ஆர்.எஸ். குடுக்கலாம் டீச்சர்?" கேட்பவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அப்படிக் கேட்ட ஒரு தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். பின்தங்கிய பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, விரலை மடக்க வைத்துக் கூட்டல் கற்றுக்கொடுத்துத் தேற்றிவிடுகிற ஆள். அவர் சொன்னார்: "டீச்சர், புள்ளைங்க சத்தம் கேட்டாலே எரிச்சலா வருது. ஒரு பையன் திரும்பவும் டவுட் கேட்டான். இவன் பாஸானா என்ன, ஆகலைன்னா என்னன்னு மனசுக்குள்ள தோணிடுச்சு. நான் அப்படி நெனைக்கிற ஆளா டீச்சர்?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "இன்னிக்கு மத்தியானம் எப்பம்மா சாப்பிட்ட?"

"மூணு மணி இருக்கும் டீச்சர். நோட்டு திருத்திக்கிட்டே ரெண்டு வாய்."

"உக்காந்தா?"

பதில் இல்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஓய்வு என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் பரிசு இல்லை. எல்லா வேலையும் என்றைக்கும் முடியப் போவதில்லை. அதனால் ஓய்வை வேலைக்கு நடுவிலேயே, டைம் டேபிளில் பீரியட் போடுவதுபோல, இடம் குறித்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முதலில் உடம்பு கேட்கும். அடுத்து மனசு கேட்கும். கடைசியில் அந்தப் பையனின் டவுட்டுக்குப் பதில் இல்லாமல் போகும்.

அலுப்பு வேறு, வெறுப்பு வேறு

நம் பேச்சு வழக்கில் மூன்று வாக்கியங்கள் உண்டு. "அலுத்துப் போச்சு." "வெறுத்துப் போச்சு." "என்னத்தச் செஞ்சு என்ன." இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை ஒன்றின் பின் ஒன்றாக இறங்குகிற மூன்று படிகள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல், நோய்களை வகைப்படுத்தும் தன் பட்டியலின் 11-வது பதிப்பில் "பர்ன் அவுட்" என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. வேலையிடத்தில் தொடர்ந்து இருக்கும் அழுத்தத்தைச் சரியாகக் கையாள முடியாமல் போவதால் வருவது. அதற்கு அடையாளம் மூன்று. சக்தி எல்லாம் வற்றிப் போன உணர்வு. வேலையிலிருந்து மனசு விலகிப் போவது, அதன் மேல் கசப்பு வருவது. நான் செய்கிற வேலையால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்ற நினைப்பு. படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்மூர் டீச்சர்கள் ஸ்டாஃப் ரூமில் காலங்காலமாகச் சொல்லி வந்த அதே மூன்று வாக்கியங்கள்!

இன்னொன்றும் அந்த நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இது தனியாக ஒரு நோய் இல்லை, வேலை சார்ந்து வருகிற ஒரு நிலை. அதாவது, "உனக்குத்தான் மனசுல தெம்பு இல்ல" என்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தச் சொல்லை மனநலத் துறைக்குள் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த தொண்டர்களைக் கவனித்து 1974-ல் எழுதினார். அங்கே வந்தவர்கள் சம்பளத்துக்காக வந்தவர்கள் இல்லை. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்று ஆசையோடு வந்தவர்கள். அவர்கள்தான் எரிந்து போனார்கள்.

33 வருடத்தில் நானும் அதைத்தான் பார்த்தேன். பெல் அடித்தால் வருவது, பெல் அடித்தால் போவது என்று இருக்கிறவருக்கு இது அவ்வளவாக வருவதில்லை. "இந்தப் பையன் எப்படியாவது படிச்சிடணும்" என்று நினைக்கிறவருக்குத்தான் வருகிறது. அதனால்தான் இது எனக்குக் கவலையாக இருக்கிறது. வேலையை விட்டுப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். எந்த டீச்சர் போகக் கூடாதோ அந்த டீச்சர்!

காசு செலவில்லாத ஏழு பழக்கங்கள்

ஓய்வு என்றதும் கொடைக்கானல், மசாஜ், யோகா கேம்ப் என்று நினைக்க வேண்டாம். அதெல்லாம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் வருடத்தில் மூன்று நாள் கொடைக்கானல், மீதி 362 நாளுக்குக் கணக்கு நேர் செய்யாது. நான் சொல்லப் போவது தினமும் செய்ய முடிகிற சின்னச் சின்ன விஷயங்கள். ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நர்ஸ், பேங்க், ஜவுளிக்கடை, ஐ.டி. என்று எங்கே இருந்தாலும் உங்கள் வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்று, மதியச் சாப்பாடு. இருபது நிமிடம். உட்கார்ந்து. ஒரு கையில் சிவப்புப் பேனா இல்லாமல், இன்னொரு கையில் போன் இல்லாமல். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் ஒரு தமிழம்மா இருந்தார். மதிய மணி அடித்ததும் கைகழுவி, டிஃபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். யாராவது ரெஜிஸ்டரை நீட்டினால், "சாப்ட்டு வரேன்மா, அது ஓடிப் போயிடாது" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரை அம்மாவிடம் எதையும் நீட்டக் கூடாது என்பது அந்தப் பள்ளியில் எழுதாத சட்டம் ஆகிவிட்டது. பணியின் கடைசி வருடத்திலும் அவர் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவரைப் பார்த்துத்தான் நானும் அந்த அரை மணியைப் பிடித்துக்கொண்டேன், விடவே இல்லை.

இரண்டு, தண்ணீரும் கழிப்பறையும். இதை எழுத யாருக்கும் கூச்சம் வேண்டாம். நிறைய டீச்சர்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே! கழிப்பறை தூரத்தில் இருக்கும், சுத்தமாக இருக்காது, அல்லது அடுத்தடுத்து பீரியட் இருக்கும். தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும், தொற்று வரும், தலைவலி வரும். தலைவலியோடு பிள்ளைகளிடம் எரிந்து விழுந்துவிட்டு, அது தன் குணம் என்று நினைத்து வருத்தப்படுகிறோம். இரண்டு பீரியடுக்கு ஒருமுறை தண்ணீர், அதற்கு ஒருமுறை கழிப்பறை. வகுப்புக்கு மூன்று நிமிடம் லேட்டானால் பாடம் ஒன்றும் குறைந்துவிடாது. பக்கத்து வகுப்பு டீச்சரிடம் "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்கும் நீங்கள் அதையே செய்யுங்கள்.

மூன்று, குரல். நமக்குக் கருவி அதுதான். தச்சர் உளியைத் தீட்டுகிறார், டெய்லர் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறார். நாம் தொண்டைக்கு என்ன செய்கிறோம்? அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டால் தோற்பது நாம்தான். என் வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. நான் மூன்று முறை கைதட்டினால் பிள்ளைகளும் திருப்பி மூன்று முறை தட்ட வேண்டும், அதோடு அமைதி. கத்த வேண்டியதே இல்லை. அதோடு ஒரு பீரியடில் பத்து நிமிடமாவது பிள்ளைகள் எழுதட்டும், பேசட்டும், போர்டுக்கு வந்து கணக்குப் போடட்டும். அவர்களுக்கும் அது நல்லது, உங்கள் தொண்டைக்கும் நல்லது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் பனங்கற்கண்டோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

நான்கு, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே பத்து நிமிடம். பள்ளி வாசலைத் தாண்டியதும் அடுப்படி ஆரம்பித்துவிடுகிறது நமக்கு. வண்டியில் வரும்போதே "தோசை மாவு இருக்கா, சின்னவனுக்கு ப்ராஜெக்ட் சார்ட் வாங்கணுமே" என்று ஓடுகிறது மனசு. நடுவில் ஒரு பத்து நிமிடத்தைப் பிரித்து வையுங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம், கோயில் பிரகாரம், ஆற்றங்கரை, எங்கே வசதியோ அங்கே. சும்மா இருங்கள். முடிந்தால் மூச்சை மட்டும் கவனியுங்கள். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு நிதானப்படும், உடம்பின் படபடப்பு அடங்கும். கணக்கு டீச்சர் இல்லையா, கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. பத்து மூச்சுக்கு நூறு விநாடி. இரண்டு நிமிடம்கூட இல்லை. "நேரம் இல்ல டீச்சர்" என்று இதற்கு மட்டும் சொல்லாதீர்கள்.

ஐந்து, இரவு எட்டு மணிக்கு மேல் போனுக்கு லீவு. பள்ளி குரூப், வட்டார குரூப், பாட குரூப், பெற்றோர் குரூப் என்று ஒவ்வொருவர் போனிலும் பத்து குரூப். இரவு பத்து மணிக்கு "நாளை காலை 9 மணிக்குள் விவரம் அனுப்பவும், மிக அவசரம்" என்று செய்தி. அதை இரவு பத்து மணிக்குப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? தூக்கம் கெடுவதுதான் மிச்சம். காலை ஏழு மணிக்குப் பார்த்தாலும் அதே விவரம்தான் போகும். குரூப்பை மியூட் செய்யுங்கள். நிஜமான அவசரம் என்றால் ஆள் போன் செய்வார். வளர்ந்தவர்களுக்குத் தினமும் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டியவர் பத்து மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டே இருப்பது ஓய்வு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கண்ணுக்கும் அது வேலை, மூளைக்கும் அது வேலை.

ஆறு, மார்க் போட முடியாத ஒரு வேலை. நாள் முழுக்க நாம் அளந்துகொண்டே இருக்கிறோம். மார்க், சதவீதம், வருகை, ரிசல்ட். அளக்கவே முடியாத ஒன்று வாழ்க்கையில் இருக்க வேண்டும். பெரிய கோலம் போடுவது, நாலு தொட்டியில் செடி வைப்பது, பழைய பாட்டைச் சத்தமாகப் பாடுவது, வீட்டுக்குப் பக்கத்துச் சிறுவர்களோடு கேரம் ஆடுவது. என் வீட்டு மாடியில் மல்லிகையும் கறிவேப்பிலையும் வைத்திருந்தேன். பொதுத்தேர்வு ரிசல்ட் வந்த அன்றைக்கும் அந்தச் செடிக்குத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது. சதவீதம் எவ்வளவு என்று அது கேட்கவில்லை. அந்த அரை மணி நேரம் எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லி முடியாது. ஒரே எச்சரிக்கை: அதை யூட்யூப் சேனல் ஆக்கிவிடாதீர்கள். அப்புறம் அதற்கும் வியூஸ் எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஏழு, லீவு. நமக்கு வருடத்துக்கு 12 நாள் சி.எல். இருக்கிறது. அதைப் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், சொந்தத்தில் கல்யாணம், வளைகாப்பு என்று எடுத்துத் தீர்த்துவிடுகிறோம். தனக்காக ஒரு நாள்? கேட்டால் சிரிப்பார்கள். 12-ல் இரண்டே இரண்டு நாளை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். உடம்பு படுத்த பிறகு எடுக்கிற லீவு வைத்தியத்துக்குப் போகும். படுக்கும் முன்னால் எடுக்கிற லீவுதான் ஓய்வு. அன்றைக்கு பீரோ அடுக்குவது, ஒட்டடை அடிப்பது இரண்டும் கூடாது!

"நேரத்துக்கு எங்க டீச்சர் போறது?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்வி. பதிலும் உங்கள் கையில் மட்டும் இல்லை.

மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. 2019 கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் ஒரு நாளைக்குச் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குச் செலவழித்தது சராசரியாக 299 நிமிடம். அதே வேலையில் ஈடுபடுகிற ஆண் செலவழித்தது 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம். ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்போது 202 நிமிடம், இப்போது 201 நிமிடம். ஒரு நிமிடம்தான் மாறியிருக்கிறது.

வேலைக்குப் போகிற பெண்ணின் ஓய்வு நேரம் எங்கே போனது என்று தேடுகிறவர்கள் அந்த 201 நிமிடத்துக்குள் தேடிப் பார்க்கலாம்.

அதனால் இதைப் படிக்கிற தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி டென்ஷனாக இருக்கிறார் என்றால், "மெடிடேஷன் பண்ணேன்" என்று வீடியோ அனுப்பாதீர்கள். இரவுப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். காலையில் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிக் கிளப்புகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "என்ன ஹெல்ப் பண்ணட்டும்?" என்று கேட்டுக்கொண்டு நின்றால், எதைச் செய்ய வேண்டும் என்று யோசிக்கிற வேலை மறுபடியும் அவர் தலையில்தான் விழும். ஒரு வேலையை முழுசாக உங்களுடையது ஆக்கிக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய மெடிடேஷன் அவருக்கு வேறு கிடையாது.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தால் முடிந்ததா?

இன்னொரு நியாயமான கேள்வியும் உண்டு. சுமையைக் குறைக்காமல், சுமக்கிறவரைப் பார்த்து "நிதானமா மூச்சு விடுங்க" என்று சொல்வது சரியா? சரியில்லை. முழு நாள் பயிற்சிக்கு வரச் சொல்லி, மன அழுத்தத்தைப் போக்குவது எப்படி என்று பாடம் நடத்திவிட்டு, அன்று மாலையே மூன்று படிவம் நிரப்பச் சொல்வதை என் பணிக்காலத்திலேயே பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மறுபக்கம் ஓட்டையைப் பெரிதாக்குகிற வேலை அது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வாராந்திர வேலை நேரத்தை 45 மணி என்று சொல்லும்போது பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்துத்தான் சொல்கிறது. அதாவது, நீங்கள் பாடம் தயாரிப்பதும் வேலைதான். "வீட்டுல போய் சும்மாதானே இருக்கீங்க" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஓய்வு என்பது சோம்பேறிகள் கேட்கிற சலுகை என்று நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. எட்டு மணி நேரம் வேலை, மீதி நேரம் ஓய்வுக்கும் உறக்கத்துக்கும் சொந்த வாழ்க்கைக்கும் என்று உலகம் முழுக்கத் தொழிலாளர்கள் போராடி வாங்கினார்கள். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் சென்னையில் கொண்டாடியவர் நம் சிங்காரவேலர். அவ்வளவு தூரம் போவானேன், ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் உட்காருவதற்கு ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. கேரளத்தில் 2018-லும் நம் தமிழ்நாட்டில் 2021-லும்தான் அது வந்தது. உட்காருவது ஓர் உரிமை என்று சட்டமன்றம் சொல்ல வேண்டியிருந்த நாடு இது. ஸ்டாஃப் ரூமில் நாற்காலி இருந்தும் நாம் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம் என்றால், அந்த உரிமையை நாமே கையை விட்டு நழுவ விடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

தலைமை ஆசிரியர்கள் சிலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். உங்களுக்கும் மேலிருந்து அழுத்தம் வருகிறது என்று தெரியும். ஆனாலும் உங்கள் அதிகாரத்துக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மதிய இடைவேளையில் ஸ்டாஃப் மீட்டிங் வைக்காதீர்கள். ஒருவருக்கு அன்றைக்கு இருக்கிற ஒரே ஃப்ரீ பீரியடை சப்ஸ்டிடியூட் போட்டுப் பிடுங்காதீர்கள். இரவு வருகிற தகவலை இரவே குரூப்பில் தள்ளாமல் காலையில் போடுங்கள். இந்த மூன்றுக்கும் எந்த அரசாணையும் தேவையில்லை.

பழக்கம் போதாத இடம்

இதையும் சொல்லாமல் விடக் கூடாது. நன்றாகத் தூங்கி எழுந்தும் களைப்பு தீரவில்லை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இந்த மூன்றும் "வேலைக் களைப்பு" என்ற போர்வைக்குள் வருடக் கணக்காக ஒளிந்திருக்கும். மேலே சொன்ன தங்கையை நான் முதலில் அனுப்பியது அங்கேதான். ஹீமோகுளோபின் நன்றாகவே குறைந்திருந்தது. மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். சில நாள் இன்னும் எரிச்சல் வருகிறதாம். ஆனால் வி.ஆர்.எஸ். பற்றி இந்த மாதம் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, வாழ்ந்து என்ன ஆகப் போகிறது என்ற நினைப்பு இருந்தால் அது களைப்பைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். அதற்கு டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, பேச ஆள் இருக்கிறார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போவது மாதிரிதான் இதுவும். "பைத்தியம்னு நெனப்பாங்களோ" என்ற பயத்தில் தள்ளிப் போடாதீர்கள்.

ஏழு பழக்கம் சொன்னேன். ஏழையும் நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். அது எட்டாவது சுமையாகிவிடும். ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். அதை மற்றவர்கள் பழகிக்கொள்ள இரண்டு வாரமாவது ஆகும். அந்த இரண்டு வாரம் முணுமுணுப்பு வரும், முகம் சுளிப்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தமிழம்மா மாதிரி சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், "சாப்ட்டு வரேன்மா."

எதை எடுக்கப் போகிறீர்கள் என்று கீழே கமென்ட்டில் ஒரு வரி எழுதுங்கள். எழுதிவிட்டால் செய்வோம், அது நம் வாத்தியார் புத்தி! வேலையில் இருக்கிற உங்கள் தோழி ஒருவருக்கு இதை அனுப்பவும் செய்யுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்பாதீர்கள்.